நடுவில் நிற்கும் நீல ஜோடி

நெட்வொர்க் வேலை பழக வருபவர்களுக்கு முதல் பாடம் ஒரு நிற வரிசை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டுக் கம்பிகளையும் இந்த வரிசையில் நேராக்கி, நுனியைச் சமமாக நறுக்கி, கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் பிளக்குக்குள் செருகி, கிரிம்பிங் டூலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான் வேலை.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த வரிசையில் ஒரு விசித்திரம் தெரியும். எட்டுக் கம்பிகளும் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டவை. ஆரஞ்சு ஜோடி அடுத்தடுத்த இடங்களில் உட்காருகிறது. பழுப்பும் அப்படியே. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து, மூன்றாம் இடத்தில் ஒன்றும் ஆறாம் இடத்தில் ஒன்றுமாக நிற்கிறது. நடுவே நீல ஜோடி புகுந்திருக்கிறது, அதுவும் முன்பின்னாக. வேகமான தரவைக் கடத்த ஒரு பிளக்கைப் புதிதாக வடிவமைக்கும் பொறியாளர் யாரும் ஒரு ஜோடியை இப்படிப் பிரித்து வைக்கமாட்டார்.

அந்த நடு இடம் கணினிக்கானது அல்ல, தொலைபேசிக்கானது. சர்வர் அறைக்குள் முதன்முறையாக நுழைபவரைத் திணறடிக்கும் பேட்ச் பேனல், பஞ்ச் டவுன், ஆர்ஜே45, கேட் 6, டி568பி போன்ற பெயர்களில் பெரும்பகுதி தொலைபேசித் தொழில் விட்டுச்சென்ற சொத்து. கணினிகளை இணைக்க முதலில் போடப்பட்ட கம்பி முற்றிலும் வேறானது. அது பின்னர் தோற்றுப்போனது. ஏன் தோற்றது, எதனிடம் தோற்றது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பெயர்கள் மிரட்டுவதை நிறுத்திவிடும்.

கதை கம்பியே இல்லாத இடத்தில் தொடங்குகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வெவ்வேறு தீவுகளில் சிதறிக் கிடந்தன. நார்மன் ஆப்ராம்சனின் குழு 1971-இல் ரேடியோ மூலம் அவற்றை மையக் கணினியோடு இணைத்தது. அலோஹாநெட் என்று அதற்குப் பெயர். எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில், யாரிடமும் முறை கேட்காமல், தோன்றியபோது பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் நாசம். கிடைத்தது என்ற பதில் வராவிட்டால், ஏதோ ஓர் இடைவெளி விட்டு மறுபடி அனுப்ப வேண்டும். எளிய முறை, ஆனால் விரயமானது. தடத்தின் கொள்ளளவில் 18 சதவீதம் அளவுக்குத்தான் இதில் உருப்படியாகப் பயன்படுத்த முடியும் என்று கணக்கு சொன்னது.

இந்தக் கணக்கைப் படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் மெட்கஃப். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை ஹார்வர்டு பல்கலைக்கழகம் முதல் முறை ஏற்க மறுத்திருந்தது. அலோஹா முறையை அலசி எழுதிச் சேர்த்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. அதற்குள் அவர் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே ஆல்ட்டோ என்ற மேசைக் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கணினி என்பதே அன்று யாரும் கேள்விப்படாத ஆடம்பரம். அத்தனை கணினிகளையும் ஒன்றோடொன்றும், புதிதாகச் செய்துகொண்டிருந்த லேசர் அச்சு இயந்திரத்தோடும் இணைக்க வேண்டியிருந்தது.

1973 மே 22 அன்று மெட்கஃப் ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினார். அலோஹாவின் ரேடியோ வெளிக்குப் பதிலாக ஒரே ஒரு கேபிள். எல்லாக் கணினிகளும் அதில் தொற்றிக்கொள்ளும். பேசுவதற்கு முன் கேபிளில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்கும். பேசும்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். மோதினால் உடனே நிறுத்தி, இருவரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். ஒளி பரவுவதற்கு ஊடகமாக ஈதர் என்ற ஒன்று வெளியெங்கும் நிரம்பியிருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் நம்பினார்கள். 1887-இல் மைக்கெல்சன், மோர்லி இருவரின் சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டங்காண வைத்தது. கைவிடப்பட்ட அந்தப் பெயரை மெட்கஃப் எடுத்துக்கொண்டார். ஈதர்நெட் வந்தது அப்படித்தான்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததில் முன்யோசனை இருந்தது. இப்போதைக்குக் கேபிள்தான் போடப்போகிறோம், ஆனால் நாளைக்கு ரேடியோவோ தொலைபேசிக் கம்பியோ மின்சாரக் கம்பியோகூட இதைவிட நன்றாக வேலை செய்யலாம். ஆகவே ஊடகத்தின் பெயரை வைத்துக் கட்டிப்போட வேண்டாம் என்பது அந்தக் குறிப்பின் சாரம். தன் கண்டுபிடிப்பின் ஐம்பது வருட வாழ்க்கையையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் இருந்ததைக் கையால் செய்தவர் டேவிட் பாக்ஸ். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே பகுதி நேரமாக அங்கே வேலை பார்த்தவர், சிறுவயதிலிருந்தே அமெச்சூர் ரேடியோவில் ஊறியவர். 1973 நவம்பரில் முதல் ஈதர்நெட் ஓடியது. வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஏன் இந்த அரைகுறை எண்? ஆல்ட்டோவின் கடிகாரத் துடிப்பு 170 நானோநொடி. ஒரு பிட்டுக்கு இரண்டு துடிப்பு என்று வைத்தால் கணக்கு அங்கே வந்து நிற்கும். தனிக் கடிகாரம் ஒன்று வைக்கும் செலவை மிச்சப்படுத்திவிட்டார்கள். கேபிளுக்கும் புதிதாக எதையும் செய்யவில்லை. கேபிள் டிவிக்காரர்கள் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கப் பயன்படுத்திய ஓரச்சுக் கேபிளும், அதிலிருந்து கிளை எடுக்கும் டேப் என்ற இணைப்பியும் கடையில் கிடைத்தன. அவற்றையே வாங்கிப் பொருத்தினார்கள்.

ஓரச்சுக் கேபிள் என்றால் கோ-ஆக்சியல் கேபிள், தொழிலில் சுருக்கமாகக் கோ-ஆக்ஸ். நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் காப்பு, அதைச் சுற்றி உலோக வலை, மேலே பிளாஸ்டிக் தோல். கேபிள் டிவி உள்ள வீடுகளில் இன்றும் பார்க்கலாம்.

1980 செப்டம்பர் 30 அன்று டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் என மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டின் விதிமுறையை வெளியிட்டன. மூன்றின் முதலெழுத்துகளால் அதை டிக்ஸ் என்பார்கள். மெட்கஃப் அதற்கு முந்தைய வருடமே ஜெராக்ஸிலிருந்து விலகி த்ரீகாம் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். பின்னர் ஐஇஇஇ அமைப்பு 1983-இல் இதை 802.3 என்ற எண்ணில் பொதுத் தரமாக்கியது. 10பேஸ்5 என்ற பெயர் அங்கே பிறக்கிறது. 10 என்பது மெகாபிட் வேகம். பேஸ் என்பது பேஸ்பேண்ட், கேபிளின் முழு அகலத்தையும் ஒரே குறி எடுத்துக்கொள்வது. 5 என்பது 500 மீட்டர் நீளம். இந்த இலக்கணம் புரிந்துவிட்டால் ஈதர்நெட் வகைப் பெயர்களில் பாதி தானாக விளங்கிவிடும்.

அந்தக் கேபிள் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தடிமன். பெரும்பாலும் மஞ்சள் நிறம். வளைக்க முடியாத அதன் முரட்டுத்தனத்துக்காக, பனியில் உறைந்துபோன தோட்டக் குழாய் என்று அமெரிக்கப் பொறியாளர்கள் அதைக் கேலி செய்தார்கள். 2.5 மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். கணினியை அந்தக் கோடுகளில் மட்டும்தான் இணைக்கலாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் திரும்பும் சிறு எதிரொலிகள் ஒன்றுசேர்ந்து தொல்லை கொடுக்கும். இணைக்கும் விதம் இன்னும் வேடிக்கை. கேபிளை வெட்டுவதில்லை. தோலையும் வலையையும் துளைத்து, நடுக்கம்பியைத் தொடும் வரை ஓர் ஊசியை இறக்கி, மேலே ஒரு கிளாம்பை இறுக்குவார்கள். கழுத்தில் பல்லைப் பதிப்பது போன்ற இந்தச் சாதனத்துக்கு ரத்தக்காட்டேரியின் பெயரே நிலைத்தது, வேம்பயர் டேப். வலையின் ஓர் இழை ஊசியைத் தொட்டுவிட்டால் அந்த 500 மீட்டரிலும் யாருக்கும் நெட்வொர்க் கிடையாது. டேப்போடு டிரான்சீவர் என்ற பெட்டி. அங்கிருந்து கணினி வரை ஏயுஐ என்ற தனிக் கேபிள், பதினைந்து ஊசி பிளக்கோடு. டிரான்சீவருக்கு அதிகாரப்பூர்வப் பெயர் எம்ஏயு. சில வருடங்கள் கழித்து ஐபிஎம் தன் டோக்கன் ரிங் வலையமைப்பில் எட்டுக் கணினிகளை இணைக்கும் முற்றிலும் வேறொரு பெட்டிக்கும் அதே மூன்றெழுத்தை வைத்தது. இந்தத் துறையின் சொற்குழப்பங்களுக்கெல்லாம் நேர்மையான காரணம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மஞ்சள் கேபிளின் செலவு தாங்காமல் வந்தது மெல்லிய ஈதர்நெட். 1982-இல் த்ரீகாம் ஐபிஎம் பிசிக்கு வெளியிட்ட கார்டிலேயே டிரான்சீவரைப் பதித்துவிட்டது, தனிப்பெட்டி தேவையில்லை. கேபிள் ஆர்ஜி-58, சுண்டுவிரலைவிட மெல்லியது. 1985-இல் 10பேஸ்2 என்று இது தரமானது. மேலே சொன்ன இலக்கணப்படி 2 என்றால் 200 மீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் 185தான், பெயர் அழகாக இருக்கட்டும் என்று முழுமையாக்கிவிட்டார்கள். கேபிளின் நுனியில் திருகிப் பூட்டும் சின்ன உலோக வளையம்தான் பிஎன்சி. பெல் ஆய்வகத்தின் பால் நீல், ஆம்ஃபெனால் கம்பெனியின் கார்ல் கான்செல்மன் இருவரின் பெயரும் அந்த மூன்றெழுத்தில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சிசிடிவி கேமரா விற்கும் கடைகளில் அதே பிஎன்சி இன்றும் கிடைக்கும்.

1990களின் முற்பாதியில் தமிழ்நாட்டுக் கணினி மையங்களிலும் அலுவலகங்களிலும் நாவெல் நெட்வேர் மென்பொருள் ஓடிய சர்வரோடு இந்த மெல்லிய கேபிள்தான் மேசைக்கு மேசை ஓடியது. ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு டி கனெக்டர். இரண்டு கடைசி முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற மூடி, உள்ளே 50 ஓம் மின்தடை. முனைக்கு வந்த குறியை அது விழுங்கிவிடும். மூடி இல்லாவிட்டால் குறி முட்டித் திரும்பி வந்து எல்லோர் பேச்சையும் கெடுக்கும். யாராவது மேசையை நகர்த்தும்போது டி-யின் ஒரு பக்கத்தைக் கழற்றினால் போதும், கேபிள் இரண்டு துண்டாகி மொத்த அலுவலகமும் நின்றுவிடும். டி-யைக் கார்டிலிருந்து கழற்றுவது பாதுகாப்பானது, கேபிளை டி-யிலிருந்து கழற்றுவது ஆபத்து. இந்த வித்தியாசம் கணக்குப்பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்க, டெர்மினேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக நகர்ந்து, பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். இதில் இன்னொரு கண்ணி: 75 ஓம் டிவி கேபிளும், ஆர்க்நெட் என்ற போட்டி வலையமைப்பின் 93 ஓம் கேபிளும் பார்வைக்கு ஏறக்குறைய ஆர்ஜி-58 போலவே இருக்கும். அதே பிஎன்சி அவற்றுக்கும் உண்டு. மாறிப் போட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது.

ஓரச்சுக் கேபிளின் தோல்விக்குக் காரணம் வேகக் குறைவு அல்ல. ஒரே கம்பியை எல்லோரும் பகிரும்போது ஒருவர் செய்யும் தவறு எல்லோரையும் தாக்கியது, அதுதான் காரணம்.

மாற்றுவழி சுவருக்குள்ளேயே இருந்தது. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறிய தொலைபேசி அறை உண்டு. அங்கிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக முறுக்குக் கம்பி ஏற்கெனவே போயிருந்தது, அதுவும் தேவைக்கு அதிகமான ஜோடிகளோடு. ஒரு மேசையில் கம்பி அறுந்தால் அந்த மேசைக்கு மட்டும்தான் பாதிப்பு.

முறுக்குக் கம்பி பழைய சரக்கு. ஆரம்பத் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பியில் ஓடின. திரும்பும் வழியாகப் பூமியே இருந்தது. பக்கத்துத் தந்திக் கம்பியின் டக்டக் சத்தமும், பிறகு மின்சார டிராம்களின் இரைச்சலும் பேச்சில் கலந்தன. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். எதிர்முனையில் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய லேன் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் நான்கு ஜோடிகளும் நான்குவிதமான நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரி முறுக்கினால் ஜோடிக்கு ஜோடி பேச்சு கசியும்.

ஆனால் குரலுக்காகப் போட்ட கம்பியில் 10 மெகாபிட் ஓடும் என்று பலர் நம்பவில்லை. ஏடி அண்ட் டி 1 மெகாபிட்டில் ஸ்டார்லேன் என்ற முறையைக் கொண்டுவந்தது. பாலோ ஆல்டோ மையத்திலிருந்து வெளியேறிய ரொனால்டு ஷ்மிட்டும் ஆண்ட்ரூ லட்விக்கும் 1985-இல் சின்ஆப்டிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஷ்மிட் பாலோ ஆல்டோவில் கண்ணாடி இழையில் ஈதர்நெட்டை ஓட்டிப் பார்த்தவர். இழையில் காட்டேரி ஊசி இறக்க முடியாது. எல்லா இழைகளும் நடுவில் ஒரு பெட்டிக்கு வந்துதான் ஆக வேண்டும். நடுப்பெட்டி என்ற அந்த அமைப்பு தொலைபேசி அறைக்கு அப்படியே பொருந்தியது. 1987-இல் அவர்களுடைய லாட்டிஸ்நெட் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் 10 மெகாபிட்டை ஓட்டிக் காட்டியது. 1990-இல் 10பேஸ்-டி தரம் வந்தது. இந்த டி முறுக்குக் கம்பியைக் குறிப்பது. எண் போய் எழுத்து வந்துவிட்டது, நீளம் 100 மீட்டர் என்று எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். கட்டடக் கேபிள் தரங்கள் இதையே 90 மீட்டர் சுவருக்குள், மிச்சம் 10 மீட்டர் இரு முனைகளின் பேட்ச் கார்டுகளுக்கு என்று பிரித்தன.

தொலைபேசிக் கம்பியை எடுத்துக்கொண்டபோது தொலைபேசிக்காரரின் சட்டதிட்டங்களும் கூடவே வந்தன.

முதலில் நிறம். பெல் கம்பெனியின் 25 ஜோடிக் கேபிளில் ஐந்து முதன்மை நிறங்கள், ஐந்து துணை நிறங்கள். முதன்மை வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. துணை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 ஜோடி. அதில் முதல் நான்கு ஜோடிகள் வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. லேன் கேபிளுக்குள் இருப்பவை அவையே. நீலம்தான் முதல் ஜோடி, அதாவது முதல் தொலைபேசி இணைப்பு.

அடுத்தது பிளக். பெல் கம்பெனி தன் கம்பியில் அந்நியச் சாதனம் எதையும் மாட்ட விடாமல் பல்லாண்டுகள் தடுத்துவைத்திருந்தது. இந்தியாவின் தபால் தந்தித் துறையும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை; கறுப்புத் தொலைபேசி சந்தாதாரர் வீட்டில் இருந்தாலும் சொத்து துறையுடையது. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை விற்றார். அந்த வழக்கில் 1968-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எந்தக் கம்பெனியின் கருவியையும் மாட்டலாம் என்றானபின், மாட்டும் இடத்துக்குப் பொது விதி வேண்டும். 1970களில் அந்த விதிகளின் கீழ் பதிவான ஜாக்குகளுக்கு ஆர்ஜே என்று தொடங்கும் எண்கள் கொடுத்தார்கள். ஆர்ஜே11 ஒற்றை இணைப்பு, ஆர்ஜே14 இரட்டை இணைப்பு. ஆர்ஜே45 என்பது ஒரு குறிப்பிட்ட வகை மோடம் இணைப்புக்கானது. பக்கவாட்டில் ஒரு கூடுதல் மேடு, உள்ளே ஒரு மின்தடை, இரண்டே கம்பி. இன்று கணினியில் மாட்டும் எட்டுக் கம்பிப் பிளக் அது அல்ல. உருவம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. கண்டிப்பான பொறியாளர்கள் 8பி8சி என்று திருத்துவார்கள். கடையில் அப்படிக் கேட்டால் விற்பவர் விழிப்பார். ஆர்ஜே45 என்றே கேளுங்கள்.

இப்போது அந்த நீல ஜோடி. தொலைபேசிப் பிளக் ஒற்றை இணைப்பை எப்போதும் நடு இரண்டு ஊசியில் வைக்கும். இரண்டாம் இணைப்பு அதற்கு வெளியே இருபுறமும். எட்டு ஊசி ஜாக்கில் நடு என்றால் நான்கும் ஐந்தும். வெளியே மூன்றும் ஆறும். மேசையில் இருக்கும் ஒரே ஜாக்கில் தொலைபேசியையும் மாட்டலாம், கணினியையும் மாட்டலாம் என்று கட்டடக் கேபிள் தரம் எழுதியவர்கள் விரும்பினார்கள். பழைய முறைப்படியே மூன்றாம், நான்காம் ஜோடிகளையும் இன்னும் வெளியே தள்ளியிருந்தால் ஒரு ஜோடியின் இரு கம்பிகள் பிளக்கின் இரு கோடிகளில் நிற்கும்; வேகமான தரவுக்கு அது உதவாது. எனவே நடு நான்கைத் தொலைபேசிக்காரருக்கு விட்டுவிட்டு, ஒன்று-இரண்டு, ஏழு-எட்டு என ஓரங்களில் ஜோடிகளை ஒட்டி உட்காரவைத்தார்கள். 10பேஸ்-டி தன் தரவை ஒன்று-இரண்டிலும் மூன்று-ஆறிலும் ஓட்டியது. நான்கையும் ஐந்தையும் தொடவில்லை. யாராவது மாறி மாட்டினாலும் தொலைபேசி மணி அடிக்கும் மின்னழுத்தம் நெட்வொர்க் கார்டில் பாயாது.

1991-இல் வெளியான ஈஐஏ/டிஐஏ 568 தரத்தின் பெயரால் இரண்டு வரிசைகள் புழங்குகின்றன. டி568ஏ பழைய இரட்டைத் தொலைபேசியோடு முழுக்க ஒத்துப்போவது. டி568பி ஏடி அண்ட் டி ஏற்கெனவே தன் கட்டடங்களில் போட்டு வந்த வரிசை. பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறும், அவ்வளவே வித்தியாசம். எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் பி. ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி போட்டால் அதுதான் கிராஸ் கேபிள். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க ஒரு காலத்தில் தனியாகச் செய்து வைத்திருப்பார்கள். எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்று கருவிகளே பேசித் தீர்த்துக்கொள்ளத் தொடங்கியபின் அதற்கு வேலை போய்விட்டது.

இந்த வரலாறு தெரியாமல், பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாகவே கிரிம்ப் செய்பவர்கள் உண்டு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி செய்திருந்தால் சாதாரண லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் மூன்றாம் ஊசியும் ஆறாம் ஊசியும் இப்போது வெவ்வேறு முறுக்கில் இருக்கின்றன. சின்ன நீளத்தில் மெதுவாக ஓடும். கேபிள் நீண்டால், வேகம் கூடினால் தரவு சிதறும். ஸ்பிளிட் பேர் என்று இதற்குப் பெயர். டெஸ்டர் பாஸ் என்கிறது, நெட்வொர்க் ஃபெயில் என்கிறது என்று புலம்பும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தொலைபேசி விட்டுச்சென்ற சொத்து இன்னும் உண்டு. சர்வர் அறையில் கருவிகளை அடுக்கும் ரேக்கின் 19 அங்குல அகலம் தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்தது. அதில் 1யு என்றால் 1.75 அங்குல உயரம். கம்பியை உரிக்காமல், பற்றவைக்காமல், இரு பற்களுக்கு நடுவே அழுத்தி இறக்கும் பஞ்ச் டவுன் முறையும் தொலைபேசி ஆட்களின் கைவேலைதான். ஜெர்மனியின் க்ரோன் கம்பெனி செய்த வகை இந்தியத் தொலைபேசிப் பெட்டிகளில் பரவியதால் இங்கே அந்தக் கருவிக்கே க்ரோன் டூல் என்று பெயர் நிலைத்துவிட்டது.

நடுப்பெட்டிக்கு வருவோம். முதலில் வந்தது ஹப். ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளுக்கும் அப்படியே திருப்பிச் சொல்லும். உருவத்தில் நட்சத்திரம், உள்ளுக்குள் பழைய மஞ்சள் கேபிளேதான், மோதல்கள் தொடர்ந்தன. டிஜிட்டல் கம்பெனி 1980களின் நடுவில் பிரிட்ஜ் என்ற பெட்டியைச் செய்திருந்தது. எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, தேவையான பக்கத்துக்கு மட்டும் அனுப்பும். வட்டமாகக் கேபிள் போட்டுவிட்டால் செய்தி சுற்றிச்சுற்றி வருமே என்ற சிக்கலைத் தீர்க்க அங்கே ராடியா பெர்ல்மன் எழுதிய ஸ்பேனிங் ட்ரீ முறை இன்றைய சுவிட்சுகளிலும் இருக்கிறது.

அந்த பிரிட்ஜையே ஏழு துளையோடும் அதிக வேகத்தோடும் செய்து 1990-இல் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். பிரிட்ஜ் என்ற பெயர் மந்தமான பழைய சரக்கு என்று சந்தையில் ஆகிவிட்டிருந்ததால் அவர்கள் ஈதர்சுவிட்ச் என்று விற்றார்கள். 1994-இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கியது. சுவிட்சில் ஒவ்வொரு கணினிக்கும் தனித் தடம், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும், மோதலே கிடையாது. மெட்கஃபின் குறிப்பில் இருந்த, கேட்டுவிட்டுப் பேசு என்ற அடிப்படை விதி அதோடு வேலையிழந்தது. ஈதர்நெட் என்று இன்று அழைக்கப்படுவதில் மெட்கஃபின் 1973 குறிப்பிலிருந்து மிஞ்சியது பெரும்பாலும் பெயர்தான்.

கேபிளும் மாறிக்கொண்டே வந்தது. கேட் என்பது கேட்டகரி. கேட் 3 தொலைபேசித் தரம். கேட் 5, கேட் 5இ இரண்டும் 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்படுபவை, கேட் 6 என்றால் 250, கேட் 6ஏ என்றால் 500. 1999-இல் வந்த 1000பேஸ்-டி நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தியது. தொலைபேசிக்கு ஒதுக்கிய நீலமும் அதில் தரவு சுமந்தது. 2016-இல் வந்த 2.5 கிகாபிட், 5 கிகாபிட் தரங்கள் இன்னும் சுவாரசியமானவை. 10 கிகாபிட் அதற்குப் பத்து வருடம் முன்பே தயார். ஆனால் உலகெங்கும் சுவர்களுக்குள் போட்ட கேட் 5இ கேபிளை யாரும் பிடுங்கத் தயாராக இல்லை. ஆகவே வேகத்தைக் குறைத்துப் புதிய தரம் எழுதினார்கள். தொலைபேசிக் கம்பி 1987-இல் வென்ற அதே காரணத்தால் லேன் கேபிளும் வென்றது. சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கம்பியோடு சண்டை போட்டு ஜெயித்த புதிய கம்பி இத்துறையில் மிகக் குறைவு.

கண்ணாடி இழை அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு கட்டடங்களுக்கிடையே வென்றது. அங்கே மஞ்சள் உறை என்றால் தொலைதூர ஒற்றை முறை இழை, ஆரஞ்சும் வெளிர்நீலமும் என்றால் குறுந்தூரப் பன்முறை இழை. எஸ்சி, எல்சி என்பவை பிளக் வடிவங்கள்.

கேபிள் வாங்கப் போகும் வாசகருக்குச் சில சொற்கள். உறையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 23 ஏடபிள்யூஜி, 24 ஏடபிள்யூஜி என்பது கம்பியின் தடிமன்; எண் குறைந்தால் கம்பி தடிமன். யு/யுடிபி என்றால் உலோக உறை எதுவும் இல்லை. எஃப்/யுடிபி என்றால் மொத்தக் கேபிளுக்கும் ஒரு தகடு உறை. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வெளியுறை, பின்னால் இருப்பது ஒவ்வொரு ஜோடியின் உறை. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் யு/யுடிபி கேட் 6 தாராளம். கேட் 7 என்று பளபளப்பாக ஆர்ஜே45 பிளக்கோடு விற்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்கத் தர அமைப்பு கேட் 7 என்ற ஒன்றை ஏற்கவே இல்லை, சர்வதேசத் தரத்தின்படி அதற்கு உரிய பிளக்கும் வேறு. சிசிஏ என்று எழுதியிருந்தால் கண்டிப்பாக வாங்காதீர்கள். அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியே மின்சாரம் வாங்கும் கேமராக்களை மாட்டினால் சூடாகும். அடிக்கடி வளைத்தால் உள்ளே ஒடியும். எந்தக் கேட்டகரித் தரமும் அதை அனுமதிப்பதில்லை. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள், நம்பிக்கை இல்லையென்றால் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.